மருத்துவர் பதிவேடும் மக்கள் நலமும்

மும்பை மாநகரின் தாராவிப் பகுதியில் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள் பல காணப்படும். அவற்றுள் எது முறையாகப் பயின்றவருடையது, எது அவ்வாறல்லாதது என்பதை நோயாளி பார்த்த மாத்திரத்தில் அறிதல் அரிது. நோயின் வேதனையில் துடிப்பவர் அதை ஆராய்ந்து கொண்டிருக்கவும் இயலாது. ஆகவே அவர்பொருட்டு முன்கூட்டியே ஆராய்ந்து வைக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்றுள்ளது. அதற்குரிய கருவியே மருத்துவர் பதிவேடு.

இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைத் தோற்றுவித்தது. இந்தியாவில் 1912-இல் அன்றைய பம்பாய் மாகாணம் இத்தகைய சட்டத்தை இயற்றியது. 1914-இல் சென்னை மாகாணமும் இயற்றியது. எனினும் நாடு முழுவதற்கும் கல்வித் தரத்தை வகுக்கும் அமைப்பு அக்காலத்தில் இல்லை. 1930-இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. நமக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மருத்துவக் கவுன்சில் நிறுவப்பெற்றது. 1956-இல் புதிய சட்டம் வந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அக்கவுன்சிலின் இடத்தைப் பெற்றுள்ளது.

ஆணையத்தின்கீழ் நான்கு வாரியங்கள் இயங்குகின்றன. இளநிலைக் கல்வி, முதுநிலைக் கல்வி, கல்லூரிகளின் மதிப்பீடு, ஒழுக்கமும் பதிவும் என்பன அவற்றின் துறைகள். தாராவிக்கு அண்மையில், சயானில், 1964 முதல் நடைபெறும் லோகமான்ய திலகர் நகராட்சி மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் சேரும் மாணவர் நாலரை ஆண்டுகள் பயின்று, மேலும் ஓராண்டு மருத்துவமனையில் கட்டாயப் பயிற்சி பெறுகிறார். அதன் பின்னரே நிரந்தரப் பதிவுக்கு அவர் தகுதியுடையவராகிறார்.

பதிவும் விசாரணையும் மாநிலக் கவுன்சில்களின் பணியாகும். மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சில் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. தொழில் ஒழுக்கம் தவறிய மருத்துவரை எச்சரிக்கவும், பதிவேட்டினின்று அவர் பெயரைக் குறித்த காலத்திற்கோ நிரந்தரமாகவோ நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. நட்டஈடு வழங்குவது அதன் வேலையன்று. அதற்கு நுகர்வோர் மன்றத்தை நாடவேண்டும்.

இக்கட்டுப்பாடு வெறும் சம்பிரதாயமன்று. 1992-இல் மும்பையில் ஹோமியோபதிப் பட்டயம் பெற்ற ஒருவர் காய்ச்சல் கண்ட நோயாளிக்கு நவீன மருந்துகளை அளித்துவந்தார், நோயாளி உயிரிழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாம் பயிலாத மருத்துவ முறையில் சிகிச்சை செய்பவர் போலி மருத்துவரே என 1996-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்து, மூன்று இலட்சம் ரூபாய் நட்டஈடும் விதித்தது. இன்றைய சட்டப்படி, பதிவு பெறாமல் நவீன மருத்துவத் தொழில் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் மக்கள் அதனை அறியாவிடில் பயனில்லை. 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவ நிலையத்திலும், மருந்துச் சீட்டிலும், கட்டண ரசீதிலும் காட்டுதல் வேண்டும். நோயாளி கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ் மக்களிடையே பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்விரண்டு விதிகளை எடுத்துரைத்தல் நன்று. மருந்துச் சீட்டிலுள்ள எண்ணைப் படித்து, அதனை மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டுடன் ஒப்பிட மாணவன் ஒருவன் கற்றுக்கொள்வானாயின், அவன் குடும்பம் முழுவதற்கும் அது பாதுகாப்பாக அமையும்.