நிலநடுக்க அபாயம் குறைவு என்று அலட்சியம் கூடாது: அத்திபெலேக்கு கில்லாரி தரும் பாடம்

புதுடெல்லி: பெங்களூருவையும் தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலே உள்ளிட்ட அதன் சுற்றுப்பகுதிகளையும், 2002-ல் வெளியான நிலநடுக்க வரைபடம் அபாயம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் சேர்த்தது. ஆனால், அது பாதுகாப்புக்கான உத்தரவாதம் அல்ல.

மகாராஷ்டிராவின் கில்லாரி இதற்குச் சாட்சி. அன்றைய வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது லத்தூர் மாவட்டத்தின் இந்த ஊர். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, ரிக்டர் அளவில் 6-ஐத் தாண்டிய நிலநடுக்கம் தாக்கியது. மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல்சுவர்கள், உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மீது சரிந்தன. சுமார் 10 ஆயிரம் பேர் பலியாயினர். 2002-ல் முதல் மண்டலமே நீக்கப்பட்டு, இரண்டாவதுடன் இணைக்கப்பட்டது.

எல்லையில் நிற்கும் சட்டம்

குஜராத் பூகம்பம், சுனாமி ஆகியவற்றுக்குப் பின், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி நகரங்களிலும் தனி பேரிடர் ஆணையம் அமைக்க, 2025-ல் வந்த திருத்தம் வழிசெய்தது. 2019-ல் மாநகராட்சியான ஓசூருக்கு இது பொருந்தும். எல்லைக்கு அப்பால் உள்ள சிறு நகரமான அத்திபெலே, மாவட்ட ஆணையத்தையே நம்பியாக வேண்டும்.

கட்டட அனுமதி வழங்குவது உள்ளூர் நிர்வாகம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமான விதிகள் ஏட்டில் இருந்தால் போதாது. அனுமதியின்போதே பரிசோதிக்கப்பட வேண்டும்.

2001 ஜனவரி 26-ல் பூஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கி.மீ.க்கு அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் இடிந்தன. வாகன நிறுத்தத்துக்காகத் தரைத்தளத்தில் சுவர் இன்றி, தூண்களை மட்டும் நம்பி எழுப்பிய கட்டடங்கள் பல அவற்றில் அடக்கம். அடுக்குமாடிகள் பெருகும் ஓசூர் சாலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பீரோ, புத்தக அலமாரி ஆகியவற்றைச் சுவருடன் பிணைக்க வேண்டும். கட்டிலுக்கு மேலே கனமான பொருட்களை மாட்டக் கூடாது. அதிர்வின்போது வெளியே ஓடாமல் உறுதியான மேஜையின் அடியில் புகுந்து, தலையை மறைத்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். லிப்ட் ஆகாது. வெளியில் இருப்பவர்கள் சுவர், மின்கம்பம் அருகே நிற்கக் கூடாது. அதிர்வு நின்றதும் சமையல் எரிவாயுவை மூடி, படிக்கட்டு வழியே திறந்தவெளிக்கு வர வேண்டும்.

நிலநடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வழி இதுவரை இல்லை. இடியாத கட்டடத்தைக் கட்டும் வழி இருக்கிறது.