பட்டையில் எழுதப்பட்ட வயது



சாடியில் வளரும் பொன்சாய் மரத்தின் முதுமையை எதனைக் கொண்டு அறிகின்றோம்? உயரத்தைக் கொண்டன்று. அடிமரத்தையும் அதனைப் போர்த்திய பட்டையையும் கொண்டே அறிகின்றோம். பைன் மரத்தின் பட்டை வெடித்துச் செதில் செதிலாய்த் தடிப்பதற்கு யப்பானியக் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் காத்திருப்பர். அக்காத்திருப்பு முழுவதையும் கவனமற்ற ஒரு கை நொடிப்பொழுதில் உதிர்த்துவிடும். ஆகவே பைன் பொன்சாயைத் தூக்குபவர் சாடியைப் பற்ற வேண்டுமேயன்றி, அடிமரத்தைப் பற்றலாகாது.

எல்லா மரத்திற்கும் இவ்விதி பொருந்தாது. ஜூனிப்பர் மரத்தில் காய்ந்து உரியும் மேற்பட்டையை மெதுவாய்த் துலக்கி, உள்ளிருக்கும் செந்நிறத்தை வெளிக்கொணர்வர். மண்மீது அழகாய்ப் படர்ந்த பாசி அடிமரத்தில் ஏறினாலோ, ஈரம் தங்கிப் பட்டை உளுத்துப்போகும். நீர் தெளித்து, மென்மையான பற்தூரிகையால் அதனை அகற்றுவர்.

பட்டை வெறும் போர்வையன்று. அதன் உட்புறத்தில் உரியமும், அடுத்து மாறிழையம் எனும் மெல்லிய உயிர்ப்படையும் உள்ளன. இலை ஆக்கிய உணவு வேருக்கு இறங்குவது உரியத்தின் வழியே. அதனைச் சுற்றிலும் வளையமாய் அறுத்தால் வேர் பட்டினியால் மடியும். கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியிலும் ஆபத்து உண்டு. கிளை பருக்கும்; கம்பி பருக்காது. உரிய காலத்தில் அகற்றாவிடின் அது பட்டைக்குள் புதைந்து நெடுங்காலத் தழும்பை விட்டுச்செல்லும். அகற்றும்போதும் சுற்றிப் பிரிக்காமல், துண்டு துண்டாய் வெட்டியே எடுக்க வேண்டும். திருத்துவதற்கென இட்ட கட்டினை அவிழ்க்க மறந்தோர் பெற்றோரிலும் உண்டு. எம் போன்ற குருக்களிலும் உண்டு.

புதிய வெட்டுக்காயத்திற்குப் பசை பூசி, விளிம்புகள் வளர்ந்து மூட விடுவர். மூடவியலாத பழங்காயத்தையோ மறைப்பதில்லை. பட்டையிழந்து வெளுத்த அடிமரப் பகுதிக்கு யப்பானியர் ‘ஷாரி’ எனவும், இறந்த கிளைமுனைக்கு ‘ஜின்’ எனவும் பெயரிட்டனர். வெயில் நாளொன்றில் அவற்றைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலைப் பூசுவர். அழுகிய முட்டையின் நாற்றம்! முதலில் மஞ்சளாய்த் தோன்றிப் பின் எலும்பின் வெண்மையாகும், மரம் உக்காது. அருகே உயிருள்ள பட்டை ஒரு நாடாவாய் மேலேறி இலைகளைத் தாங்குகின்றது. கரைசல் அந்நாடாவில் படாதிருக்க வேண்டும். உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குக் காட்டிய கரங்களிலும் தழும்புகள் மறையவில்லையே.

வொஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில், 1625ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வரும் வெண்பைன் பொன்சாய் ஒன்று நிற்கின்றது. 1976இல் மசாரு யமாக்கி எனும் பொன்சாய்க் கலைஞர் அதனை அன்பளித்தார். 2001இல் அவருடைய பேரர் இருவர் மரத்தைக் காண வந்தபோதே, பேணியவர்கள் அதன் கதையை அறிந்தனர். 1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோ மீற்றர் தொலைவில், யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்தில் அம்மரம் நின்றது. கண்ணாடிச் சில்லுகள் வீட்டாரின் தோலைக் கிழித்தன. மதிலுக்குள் நின்ற மரம் பிழைத்தது. 31 ஆண்டுகளின் பின், குண்டை வீசிய நாட்டிற்கே அதனை அவர் கையளித்தார்.