பால்கோவா: தண்ணீரின் ருசியா, அடுப்பின் ருசியா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பதம் மற்ற ஊர்களில் ஏன் வருவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியோடு பதிலையும் அவரே எழுதியிருக்கிறார்: எல்லாம் அந்த ஊர்த் தண்ணீராம். திருநெல்வேலி அல்வா என்றால் தாமிரபரணி, வேறொரு ஊர்ப் பலகாரம் என்றால் அந்த ஊர்க் கிணறு என்று தண்ணீரைச் சாட்சிக்கு அழைப்பது நமக்குப் பழக்கம். பால்கோவா விஷயத்தில் இந்தச் சாட்சி நிற்காது. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டுவதுதான் பால்கோவா கிண்டுகிறவரின் முழு வேலை. வெளியிலிருந்து ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. மாடு குடித்த தண்ணீர் பாலில் இருக்கிறதே என்று வாதாடினால், அதிலும் பெரும்பகுதி ஆவியாகிக் கூரையைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே ருசிக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஒரு ஊரின் நாக்கை உண்டாக்குவதில் நிலத்தைவிட அந்த ஊருக்கு யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், எதை விடாமல் செய்தார்கள் என்பதற்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி. அதற்குப் பால்கோவாவைப் போல நல்ல சான்று தென்பாண்டிச் சீமையில் வேறில்லை.

தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணும் சீதோஷ்ணமும் என்பார்கள். அதற்குப் பக்கத்து ஊரே பதில் சொல்லும். ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. மேற்கே அதே மலைத்தொடர், அதே மழை, அதே தோப்பு துரவு, அதே கறவை மாடுகள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு தொழுவத்தில் கறந்த பால் வடக்கேயும் போகலாம், தெற்கேயும் போகலாம். இருந்தும் ராஜபாளையம் என்றால் நூற்பாலையும் மாம்பழமும் வேட்டை நாயும்தான் நினைவுக்கு வருகின்றன. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்த ஊர் அது, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு அதன் முகம் பருத்திப் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரின் முகம் கோயிலைப் பார்த்தது. ஆடிப்பூரத் தேருக்கும் மார்கழிக்கும் வெளியூர் சனம் வந்து குவிகிற இடத்தில், ஊர் திரும்பும்போது கையில் எடுத்துப் போக, பஸ்ஸிலும் ரயிலிலும் கெடாமல் வருகிற ஒரு இனிப்புக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது. ராஜபாளையத்திலும் பால்கோவா கிண்டுகிறார்கள்தான். ஆனால் பெயர் அங்கே போய் ஒட்டவில்லை. மண்ணும் மழையும் மாடும் ஒன்றாயிருக்க, வேறுபட்டது வரலாறு மட்டுமே.

இனி செய்முறைக்கு வருவோம். பாலைச் சுண்டக் காய்ச்சுவது எப்படி என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் நின்று பார்க்கச் சொல்வது அடுப்பை. பத்து லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, முக்கால் மணி நேரக் கிண்டல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இறக்கும்போது மூன்று கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். அப்படியானால் எட்டு லிட்டர் தண்ணீர் முக்கால் மணிக்குள் ஆவியாக வேண்டும். இதற்கான வெப்பத்தைப் பௌதிகக் கணக்குப்படி பார்த்தால், சட்டிக்குள் ஏறத்தாழ எட்டுக் கிலோவாட் இடைவிடாமல் இறங்க வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் பாத்திரத்துக்குள் செலுத்துவது இதில் நாலில் ஒரு பங்குதான். ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்புகளில் காலம் காலமாக எரிந்தது புளிய விறகும் முந்திரிக் கொட்டை ஓடும். புளி கெட்டி மரம், நின்று எரியும். முந்திரி ஓட்டுக்குள் எண்ணெய் இருப்பதால் மூர்க்கமாக எரியும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த எட்டுக் கிலோவாட்டைக் கொடுத்தன.

இந்த வேகத்தில்தான் பால்கோவாவின் நிறமும் மணமும் அடங்கியிருக்கின்றன. பாலின் புரதமும் பாலிலேயே உள்ள லாக்டோஸ் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் கருகல் கலந்த இனிப்பு வாசத்தையும் உண்டாக்கும். மயிலார்டு வினை என்று இதற்குப் பெயர். பால் எவ்வளவு நேரம் சூட்டில் கிடக்கிறதோ அவ்வளவுக்குப் பழுப்பேறும். வீட்டில் சிறு தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சும் திரட்டுப்பால் செம்பழுப்பாக வருவதற்குக் காரணம் இதுவே. பெருந்தீயில் சடுதியில் சுண்டும் பால் வெளிர் நிறத்திலேயே கோவாவாகிவிடுகிறது. ஆனால் பெருந்தீ சும்மா கிடைக்கும் வசதி இல்லை. அடிச்சட்டியில் ஒரு நொடி பால் ஒட்டி நின்றால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாசம் சட்டி முழுவதும் பரவும். எனவே தீ எவ்வளவு கடுமையோ, துடுப்பு அவ்வளவு ஓயாமல் சுற்ற வேண்டும். ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து நடுவில் தள்ள வேண்டும். அடியைச் சுரண்டியபடியே இருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம்தான் சோதனை. தண்ணீர் குறையக் குறையச் சட்டியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், கலவை கனக்கும், கை தளரும், பழுப்பு வினையோ விரைவு கொள்ளும். அப்போது விறகை வெளியே இழுத்துத் தணலில் பதம் பார்ப்பவர் கைக்குத்தான் ஊரின் பெயர் உண்மையில் கடன்பட்டிருக்கிறது.

இதே பாலும் சர்க்கரையும் உலகில் வேறெங்கு என்ன ஆயின என்று பார்த்தால் என் கட்சிக்கு இன்னும் வலுக்கூடும். அர்ஜென்டினாவில் ஸ்பானியர் கொண்டுவந்த மாடுகள் புல்வெளியெங்கும் பெருகின. அங்கே பாலையும் சர்க்கரையையும் நிதானமாகக் காய்ச்சி, பழுப்பு இன்னும் ஏற வேண்டும் என்பதற்காகச் சமையல் சோடாவும் சேர்த்து, ரொட்டியில் தடவும் குழம்பாக்கினார்கள். டுல்சே தே லெச்சே என்பது அதன் பெயர். நாம் தப்பிக்க நினைக்கும் பழுப்பை அவர்கள் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் 1856-இல் கெயில் போர்டன், காற்றழுத்தம் குறைந்த கலத்தில் தாழ்ந்த சூட்டிலேயே பாலைச் சுண்ட வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அங்கு நடந்த உள்நாட்டுப் போர் அதைப் படைவீரர்களின் உணவாக்கியது. புதுப்பால் அரிதாயிருந்த மலேயாவுக்கு, தகரடப்பாவில் அடைத்த அந்த இனிப்புப் பால் கப்பலில் வந்து சேர்ந்தது. நம் தமிழர்கள் அங்கே ஆற்றிக் குடிக்கும் தே தாரிக் என்ற தேநீரில் இன்றும் இனிப்பது அதுதான். ஒரே இரண்டு பொருள்கள், மூன்று பண்டங்கள். எந்த இடத்தில் அடுப்பை அணைப்பது என்பதை ஒவ்வொரு ஊரின் வரலாறும் முடிவு செய்திருக்கிறது.

இங்கே உயிரியல் படித்தவர்கள் ஒரு தடை எழுப்பலாம். யார் எதைச் சாப்பிடுவது என்பதைத் தீர்மானிப்பது உடம்பல்லவா, வரலாறு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லாக்டோஸைச் செரிக்கும் நொதி பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. வளர்ந்த பிறகும் அது நிற்கச் செய்யும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. தமிழ்ச் சமையலில் பாலைவிடத் தயிரும் மோரும் ஓங்கி நிற்பது இதோடு பொருந்துகிறது. தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. காய்ச்சுவதால் லாக்டோஸ் அழியாது. பத்து லிட்டர் பாலில் அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மிஞ்சிய கொஞ்ச நீரில் அவ்வளவும் கரைய இடமில்லாமல் பாதிக்கும் மேல் பொடிப் படிகமாகிவிடும். நாக்கில் படும் மணல்மணலான பதத்தில் அதற்கும் பங்குண்டு. உடம்பே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாயிருந்தால் லாக்டோஸ் இவ்வளவு செறிந்த இனிப்பு தெற்கே வேரூன்றியிருக்கக் கூடாது. கொஞ்சமாக, விசேஷ நாளில், பங்கிட்டுத் தின்னும் பழக்கம் அந்தத் தடையைத் தாண்டியது. இன்னொன்றும் உண்டு. அந்த மரபணு மாற்றம் பரவியதே மாடு மேய்த்துப் பால் குடித்த சமூகங்களில்தான். அங்கே பழக்கம் முன்னால் போக, உடம்பு பின்னால் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது? பாலோடு ஊருக்கு உள்ள உறவு பழையது. ஆண்டாள் தன் ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்துத் திருப்பாவை பாடியதாகச் சொல்வது வைணவ மரபு. பாலும் நெய்யும் பெருகும் அக்காரவடிசில் கூடாரவல்லியன்று இன்றும் படைக்கப்படுகிறது. ஆனால் கோவா வந்த வழி வேறு. ஊரில் வழங்கும் வரலாறு, 1940-ஐ ஒட்டி ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் கோயில் பக்கம் போட்ட கடையிலிருந்து தொடங்குகிறது. திருநெல்வேலி அல்வாவின் கதையும் ராஜஸ்தான் குடும்பங்களின் கதைதான். தார்வாட் பேடாவை அங்கே கொண்டுபோனது உத்தரப்பிரதேசத்திலிருந்து போன குடும்பம். பிறகு பால் கூட்டுறவுச் சங்கமும் பால்கோவா கிண்டத் தொடங்கியது. ஊரார் கைக்கு வேலை பழகியது. சுற்றுவட்டாரக் கரிசலில் விளைந்த பருத்தியும் இதில் சேர்த்தி. பஞ்சு ஆலைக்குப் போக, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தொழுவத்துக்கு வந்தன. பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் பாலில் கொழுப்பு சற்றுக் கூடும். கொட்டையை மனிதரும் விடவில்லை. ஆட்டிப் பருத்திப்பாலாகக் குடித்தார்கள். ராஜபாளையத்து ஆலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டியும் இப்படி ஒரே செடியின் இரண்டு பங்காளிகள்.

வந்தேறிகள் கொண்டுவந்ததை எப்படி நம்முடையது என்பது என்று சிலர் கேட்பதுண்டு. அடுப்புக்குள் எரிவதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. முந்திரி போர்த்துகீசியரால் பிரேசிலிலிருந்து வந்தது. சாத்தூர்க் கார சேவுக்கு உறைப்புத் தரும் மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்துப் பயிர். இவற்றை நீக்கிவிட்டு ஒரு தமிழ்ச் சமையலறையை நினைக்க முடியுமா? ஒன்றை நமதாக்குவது தலைமுறை தலைமுறையாக அதை ஒழுங்காகச் செய்வதுதான். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது. மண்ணின் மகிமைக்கு அரசே முத்திரை குத்திவிட்டதே என்று இதைக் காட்டுகிறவர்கள் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அது தரத்தை மட்டும் கேட்கவில்லை, அந்த இடத்தால் வந்த நற்பெயரையும் போதிய காரணமாக ஏற்கிறது. நற்பெயர் மழையிலிருந்து வருவதில்லை. கைகளிலிருந்து வருகிறது.

அந்த நற்பெயரை இப்போது நடத்தும் விதம்தான் மனதை உறுத்துகிறது. பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் ஆண்டாள் கோபுரம் அச்சிட்ட பெட்டிகளில், பால் பவுடரும் வனஸ்பதியும் மைதாவும் கலந்த ஏதோ ஒன்று பால்கோவா என்ற பெயரில் விற்கப்படுகிறது. கணக்கு எளிது. மூன்று கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் என்றால், ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால் போக வேண்டும். அந்தப் பால் விலையோடு சர்க்கரை, விறகு, கூலி சேர்த்தால் வருவதைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் விற்கிறார் என்றால் அதில் பால் குறைந்திருக்கிறது. பால் குறைந்தால் முதலில் நட்டப்படுவது மாடு வளர்க்கும் சம்சாரி. மறுபக்கம், முந்திரி ஓட்டுப் புகையில் வருஷக்கணக்காக நிற்பவர்களின் நெஞ்சையும் நாம் நினைக்க வேண்டும். அந்த ஓட்டின் எண்ணெய் தோலில் பட்டாலே கொப்புளிக்கும். அதன் புகை மூச்சுக்கு நல்லதாக இருக்க முடியாது. நீராவிக் கொப்பரையும் கேஸும் வந்தால் பழைய ருசி போய்விடும் என்று அங்கலாய்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவையான வேகத்தில் வெப்பம் இறங்கினால், துடுப்பும் ஓயாதிருந்தால், பதம் வரும். விறகுதான் வேண்டுமென்றால் உயரமான புகைபோக்கியாவது கட்டிக்கொடுப்பது முதலாளிகளின் கடமை.

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதிவைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. அந்தத் தேதியைக் கேளுங்கள். பெட்டியில் சேர்மானம் என்ற இடத்தில் பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதுவும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய், சட்டி அடுப்பில் இருக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். கிண்டுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.