ராதாபுரம் கடற்கரையில் வேனிற்கால மீன்பிடிப்பு

ராதாபுரம் வட்டாரம் என்றவுடன் செம்மணல் தேரியும், பனங்காடும், கார்த்திகை மழையை எதிர்பார்த்து நிற்கும் மானாவாரிக் குளங்களுமே குடியானவர்களின் நினைவுக்கு வருகின்றன. கோதையாற்று நீர் ராதாபுரம் கால்வாய் வழியாக வந்து சேரும் வருஷங்களில் நன்செய்க்கு ஓரளவு நம்பிக்கை உண்டு; ஏனைய வருஷங்களில் பங்குனிக்குப் பின் வயலில் வேலை இல்லை. ஆனால் வயல் ஓய்ந்திருக்கும் அதே மாதங்களில், சில மைல் தெற்கே, வேறொரு விளைநிலம் மும்முரமாக உழப்படுகிறது. அதுவே கடல். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதத்து மீன்பிடிப்பைப் பற்றி நிலமுடையவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருப்பது நலம். ஏனெனில், அதன் விளைவு உணவாகவும் எருவாகவும் ரொக்கமாகவும் உள்நாட்டுக் கிராமங்களுக்கே வந்து சேருகின்றது.

கரையும் காற்றும்

திருநெல்வேலி ஜில்லாவின் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ளது. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்பனை, கூடுதாழை முதலியன இக்கரையிலுள்ள முக்கியமான மீனவர் ஊர்கள். இக்கடலில் மணலும் பாறையும் மாறி மாறி அமைந்துள்ளன. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைத் திட்டுகளை மீனவர் ‘பார்’ என்று வழங்குகின்றனர். பாரில் பாசியும் சிப்பியும் பற்றி வளர, அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களை நாடிப் பெரு மீன்களும் கூடுகின்றன. மணற்பாங்கான கடலில் மீன் வழிப்போக்கனாக வந்து செல்லும். பாரிலோ அது குடித்தனம் செய்கிறது.

மார்கழியில் வாடைக்காற்று ஓயத் தொடங்கிய பின், தென்மேற்குப் பருவக்காற்றாகிய கச்சான் எழும் வரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சித்திரையில் மேற்பரப்பு நீரின் வெப்பம் 29, 30 டிகிரி சென்டிகிரேடு வரையில் ஏறும். நீர் தெளிந்திருப்பதால் பார்களின் மேல் தூண்டில் போடுவதற்கு இது ஏற்ற காலம். வைகாசி முதிர்ந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே காற்று சீறிப் பாயத் தொடங்கும். முப்பந்தலிலும் ராதாபுரம் வட்டாரத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுவது இக்காற்றே. அதன் பின்னர் சிறிய மரங்கள் கடலில் இறங்குவது அபாயகரமாகும்.

மரமும் வலையும்

முற்காலத்தில் இக்கரையோரத்தில் கட்டுமரமே முக்கியமான சாதனம். மலைப்பிரதேசத்து இலேசான கட்டைகளைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்து, அலையின் மேல் செலுத்துவர். கரையேறியதும் கட்டவிழ்த்து உலர்த்துவர். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். முன்னதில் பாய் விரித்துப் பின்னிரவில் சென்று, பின்னதைப் பிடித்துக்கொண்டு நண்பகலில் திரும்புவது பாய்மரக் காலத்து வழக்கம். செலவில்லாத இந்த இயந்திரத்தை நம்பியே தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடந்தது.

வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் பின்னப்பட்டு, மக்காதிருக்கும் பொருட்டு மரப்பட்டைக் கஷாயத்தில் தோய்க்கப்பட்டன. 1950க்குப் பின்னர் நைலான் வந்து இவ்வேலையை ஒழித்தது. 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்களும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் பரவின. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தன. கடலோடிகளின் உழைப்பு குறைந்தது, செலவு மிகுந்தது. காற்றுக்குக் கூலி இல்லை. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை உண்டு.

நடுக்கடலில் பாரைக் கண்டறியும் முறை கவனிக்கத்தக்கது. மகேந்திரகிரியின் சிகரம், கரையிலுள்ள கோயிற் கோபுரம், தேரியில் தனித்து நிற்கும் பனைக்கூட்டம் ஆகியவற்றில் இரண்டு ஒரு நேர்கோட்டில் வருமாறு ஒருபுறமும், வேறு இரண்டு அவ்வாறே வருமாறு மறுபுறமும் பார்த்து, அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் தூண்டிலை இறக்குவர். கிராமக் கணக்கர் எல்லைக்கற்களைக் கொண்டு புலத்தை அளப்பதற்கு இது ஒப்பானது. இக்காலத்தில் செயற்கைக்கோள் கருவி கைக்கு வந்துவிட்டபோதிலும், முதியோர் இக்கணக்கை மறக்கவில்லை.

வேனிலில் கிடைக்கும் மீன்

பார்களின் மேல் தூண்டிலில் விளமீனும் கலவாயும் பாறைமீனும் கிடைக்கின்றன. ஆழமான நீரில் செல்வோருக்கு நெய்மீனும் சூரையும் அகப்படும். கரையோரத்தில் சாளையும் நெத்திலியும் கூட்டமாக வரும் நாட்களில் சிறு வலைகள் நிறையும். கணவாயை ஈர்ப்பதற்குத் தென்னை ஓலையையும் பாளையையும் கட்டி, மணல் மூட்டையைப் பாரமாக வைத்துக் கடலின் அடியில் இறக்கும் பழக்கம் தென்கோடி மீனவரிடம் உண்டு. கணவாய் அதனைப் புகலிடமாக நாடி வந்து முட்டையிடும்.

குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் திட்டு என்னும் பரந்த கடலடி மேடு மீன்வளத்துக்குப் பேர்பெற்றது. 1920களின் பிற்பகுதியிலேயே சென்னை அரசாங்கத்தார் ‘லேடி கோஷன்’ என்னும் இழுவைக் கப்பலைக் கொண்டு தென்கடலில் பரீக்ஷை நடத்தினர். 1976ஆம் வருஷத்திய இந்திய-இலங்கை உடன்படிக்கையின்படி இத்திட்டின் மீது இந்தியாவுக்கே இறையாண்மை உரிமை உண்டென்று முடிவாயிற்று.

பாறைக் கரையின் தனிச்செல்வம் சிங்கி றால். பாறை இடுக்குகளில் வாழும் இது வெளிநாட்டு ஏற்றுமதியால் உயர்ந்த விலை பெறுகிறது. தாய்ச் சிங்கி தன் வயிற்றின் கீழ் லக்ஷத்துக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுமந்து திரிகின்றது. முட்டை தாங்கிய ஒரு சிங்கியைப் பிடித்து விற்பவன், விதைநெல்லைக் குத்திச் சமைப்பவனுக்கு நிகராவான். 2003ஆம் வருஷம் மத்திய அரசாங்கத்தார், இக்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இனத்தில் 200 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிங்கியை ஏற்றுமதி செய்தலாகாதென விதித்தனர். ஆயினும் உள்ளூரில் வாங்குவோர் இருக்கும் வரையில் இவ்விதி பாதியே பயன்படும்.

கடலுக்கும் தரிசு வேண்டும்

ஓயாமல் பயிரிட்ட நிலம் சாரமற்றுப் போவதைக் குடியானவர் அறிவர். இழுவலைப் படகுகள் பெருகிய பின்னர் கடலுக்கும் அந்நிலை நேரலாயிற்று. இழுவலை கடலடியை வாரிக்கொண்டு செல்வதால் குஞ்சும் முட்டையும் வேண்டாத உயிர்களும் ஒருங்கே அழிகின்றன. இதனைத் தடுக்கும் பொருட்டு 1983ஆம் வருஷத்திய தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பைச் சிறுதொழில் மீனவருக்கென ஒதுக்கியது. 2001 முதல் கிழக்குக் கரையில் கோடைகாலத் தடை அமலுக்கு வந்தது. முதலில் 45 நாட்களாயிருந்த அது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டப்பட்டது. விசைப்படகுகளுக்கே இத்தடை, பாரம்பரிய மரங்களும் வள்ளங்களும் தொழில் செய்யலாம். ஆகவே, சித்திரை வைகாசி மாதங்கள் சிறிய மீனவனுக்குப் போட்டியில்லாத காலமாக அமைந்துள்ளன. கடலில் வரத்து குறைவதால் அவன் மீனுக்கு விலையும் கூடுகிறது.

இத்தடையால் எல்லாக் குறையும் தீர்ந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. எல்லா மீனும் இவ்விரு மாதங்களில்தான் முட்டையிடும் என்பதில்லை. சாளை போன்றவை பருவமழையை ஒட்டி முட்டையிடும். தடை நீங்கிய மறுநாள் எல்லாப் படகுகளும் ஒருங்கே பாய்ந்தால், இரண்டு மாதச் சேமிப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். 3 கடல் மைல் எல்லை வருஷம் முழுவதும் காக்கப்படுவதே சிறு மீனவருக்கு மெய்யான பாதுகாப்பாகும்.

வெப்பமும் ஒரு கவலை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016ஆம் வருஷங்களின் கோடையில் நீர் மிகச் சூடேறிப் பவளப்பாறைகள் வெளிறின. கூடங்குளத்து அணுமின் நிலையம் 2013இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. குளிர்விக்கக் கொண்ட கடல்நீர் சற்றுச் சூடாகக் கடலுக்கே திரும்புகிறது. 2011 முதல் இடிந்தகரையில் மீனவர் நடத்திய நெடிய கிளர்ச்சியில் மீன்வளத்தைப் பற்றிய அச்சமும் ஒரு காரணமாயிருந்தது.

உலர்த்தலும் எருவும்

சாளையும் நெத்திலியும் மிகுதியாக விழும் நாட்களில் விலை இறங்கிவிடும். அப்போது உலர்த்திச் சேமிப்பதே லாபகரமானது. மீனைக் கீறிக் குடல் நீக்கி, நல்ல நீரில் கழுவி, மீன் 4 பங்குக்கு உப்பு 1 பங்கு வீதம் இட்டு ஊறவைத்துப் பின் உலர்த்த வேண்டும். வெறும் மணலில் பரப்புவதால் மண் ஒட்டி, புழு வைத்து, விலை பாதியாகிறது. மூங்கில் பரண் மீது விரித்த பழைய வலையில் உலர்த்தினால் காற்று இருபுறமும் பாய்ந்து விரைவில் காயும். இவ்விதம் காய்ந்த கருவாடு திசையன்விளை, வள்ளியூர்ச் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகும்.

மீன் எருவின் உபயோகம் நமது நாட்டில் புதியதன்று. 1907இல் சென்னை ராஜதானியில் மீன்வள இலாகாவைத் தொடங்கிவைத்த பிரெடெரிக் நிக்கல்ஸன், மேற்குக் கரையில் சாளையினின்று எண்ணெய் எடுத்து, எஞ்சிய சக்கையை எருவாக்கும் தொழிலை ஊக்கினார். விவசாயக் கூட்டுறவு வங்கிகளைப் பற்றி 1895இலும் 1897இலும் அறிக்கை எழுதியவரும் அவரே. உலர்ந்த மீன் எருவில் தழைச்சத்து 100க்கு 4 முதல் 10 வரையிலும், மணிச்சத்து 3 முதல் 9 வரையிலும் உண்டு, சாம்பல்சத்து சொற்பம். ஆதலால் தென்னை, வாழை, முருங்கை ஆகியவற்றுக்கு இதனை இடும்போது சாம்பலும் சேர்த்தல் நன்று.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். உப்பிட்ட மீனை எருவாக இடலாகாது. உவர்நீர்க் கிணறுகள் உள்ள தேரி நிலத்தில் அது பெருங்கேடு. பச்சை மீன் கழிவை வேரருகில் நேரே புதைக்காமல், குப்பையோடு அடுக்கி மக்கவைத்தே இடவேண்டும். சிறு அளவில் செய்வோர், மீன் கழிவும் கருப்பட்டியும் சம எடையாக மூடிய பாத்திரத்தில் இட்டு, மூன்று வாரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து வடிகட்டி, லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வீதம் தெளிக்கலாம். கருப்பட்டிக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

கோடையில் வானம் தெளிந்திருந்தும் கடல் திடீரெனப் பொங்குவதுண்டு. பல்லாயிரம் மைலுக்கப்பால் தென்சமுத்திரத்தில் எழுந்த அலை இங்கு வந்து மோதுவதே காரணம். ‘கள்ளக்கடல்’ என்னும் பெயர் அதன் இயல்பைக் காட்டும். ஐதராபாத்திலுள்ள இந்திய சமுத்திரத் தகவல் நிலையத்தார் விடுக்கும் எச்சரிக்கையை அன்றன்றே ஒவ்வொரு குப்பத்திலும் அறிவிப்பது உயிர் காக்கும் காரியம். தடைக்கால நிவாரணம் 2023இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அதற்குரியவர்களின் பெயர் பட்டியலில் விடுபடாதபடி பார்த்துக்கொள்ளுதல் உத்தியோகஸ்தரின் கடமை.

வியாபாரியிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே விட்டுவிடும் நிலை கரையூர்களில் பழமையானது. அறுவடைக்கு முன்பே நெல்லை அடகு வைத்த குடியானவனின் நிலையும் இதுவே. 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கரையிலேயே ஏலம் நடத்திச் சங்கத்தின் மூலம் கடன் தரும் வழியைக் காட்டியுள்ளது. உழவர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் கருவாடு, எரு, கருப்பட்டி, தேங்காய் ஆகியவற்றைத் தம்முள் நேரே மாற்றிக்கொண்டால் இடையில் போகும் தரகு இரு சாராருக்கும் மிஞ்சும்.

ஆனி பிறந்து கச்சான் வலுத்தவுடன் மரங்கள் கரையேறிவிடும். அப்போது உழவன் வானத்தைப் பார்க்கத் தொடங்குவான். ஒருவர் ஓய்வில் மற்றவர் உழைக்கும்படி இயற்கையே இக்கரையில் முறை வகுத்துள்ளது. அம்முறை நிலைப்பதற்கு வயலில் விதைநெல்லும், கடலில் தாய்மீனும், இரண்டும் கைபடாது காக்கப்படுதல் வேண்டும்.