மனித உருவரைவில் கிராஃபைட்டின் வெளிப்பாட்டுத் திறன்

மனித உருவத்தை வரைவதற்குரிய ஊடகங்களுள் கிராஃபைட் பெரும்பாலும் முன்வரைவுக்குரிய கருவியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கரித்துண்டின் ஆழ்ந்த கருமை அதற்கு வாய்க்கவில்லை என்பது இக்கருத்துக்கு ஒரு காரணம். ஆயினும் அக்குறையே அதன் தனித்திறனுக்கு அடிப்படையாகிறது என்பதைப் பிரெஞ்சு ஓவியர் ழான் ஓகுஸ்ட் டொமினிக் ஆங்கரின் படைப்புகள் உணர்த்துகின்றன.

கிராஃபைட்டைத் தமிழில் காரீயம் என வழங்குவதும் உண்டு. எனினும் அதில் ஈயம் சிறிதும் இல்லை. அது கரிமத்தின் ஒரு படிக வடிவம். அதன் அணு அடுக்குகள் எளிதில் வழுக்குவதால் தாளின்மீது மெல்லிய செதில்களாகப் படிகிறது. அழுத்தித் தீட்டிய இடத்தில் அச்செதில்கள் ஒளியைத் திருப்புவதால், கருமை ஓர் எல்லையைக் கடவாமல் பளபளப்பே மிகுகிறது.

இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் கிடைத்த தூய கிராஃபைட் போரினால் பிரான்சுக்குக் கிட்டாத சூழலில், 1795-இல் நிக்கோலா ழாக் கோன்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் கலந்து சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் முனை கடினமாகிக் கோடு வெளிறும். குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும்.

ஆங்கர் 1806 முதல் 1820 வரை ரோமில் வாழ்ந்தார். 1815-இல் நெப்போலியன் ஆட்சி வீழ்ந்தபின் அரசு சார்ந்த பணிகள் அற்றுப்போக, அந்நகருக்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்து பொருளீட்டினார். வயிற்றுப்பாட்டுக்கான இப்பணியே அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் சிலவற்றைத் தந்தது. 1819-இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பாகனினியின் உருவப்படம் இதற்குச் சான்று. முகத்தில் தனிக்கோடுகள் ஏறத்தாழ மறைந்து, மெல்லிய சாயல்கள் கன்னத்தையும் நெற்றியையும் திரட்டுகின்றன. உடையிலோ கோடு கோடாகவே நிற்கிறது. விரைவும் அழுத்த வேறுபாடும் வெளிப்படையாகத் தெரிகின்றன. நிறைவுற்ற முகமும் நிறைவுறாதது போன்ற உடையும் ஒரே ஊடகத்தால் ஆனவை. பார்ப்போர் கண்ணை முகத்தில் நிறுத்துவது இவ்வேறுபாடே. எளிதில் உதிரும் கரித்துண்டில் இத்தகைய நுண்மை அரிது.

ஜெர்மானிய ஓவியர் அடோல்ஃப் மென்செல் (1815–1905) இதற்கு எதிர்த்திசையில் சென்றார். தச்சர்கள் பயன்படுத்தும் அகன்ற முனைப் பென்சிலால் தீட்டி, அதனைத் தேய்த்து மங்கச்செய்து முதியோர் முகங்களை உருவாக்கினார். ஆங்கரிடம் உருவை வரையறுத்த கோடு இவரிடம் நிழலில் கரைகிறது. தோலின் தளர்வும் உடலின் கனமும் அக்கரைவிலிருந்தே பிறக்கின்றன.

அச்சுப்படிகளைக் கொண்டு இவ்வோவியங்களை ஆராய்வோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். பார்க்கும் கோணம் மாறும்போது கிராஃபைட்டின் சாயலும் மாறும். அம்மாற்றத்தை மூலத்தாளில் மட்டுமே காண இயலும்.