உப்பின் இப்பினுக்கு ஒரு கம்பம், நமக்கு?

கம்போங் டுரியான் ருந்துவைப் பற்றிக் கேட்டால் நம் நாட்டில் எந்தச் சின்னப் பிள்ளையும் மூச்சு விடாமல் சொல்லும். ஓப்பாவின் பலகை வீடு, தோக் டாலாங்கின் ரம்புத்தான் மரம், தாடிகா மெஸ்ரா பாலர்பள்ளி, மெயில் விற்கும் பொரித்த கோழி, அங்கிள் முத்துவின் கடை. வரைபடத்தில் தேடினால் மட்டும் கிடைக்காது.

லெஸ் கொபாக் நிறுவனம் தயாரித்த ‘உப்பின் இப்பின்’ தொடர் 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் முதன்முதலாக ஒளிபரப்பானது. அப்போது நான் கைக்குழந்தை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த இரட்டையர் இல்லாத மாலை இல்லை. மலாயில் ‘டுரியான் ருந்து’ என்றால் எதிர்பாராமல் வந்து வாய்க்கும் அதிர்ஷ்டம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. இரட்டையருக்குத் தாய் தந்தை இல்லை. ஆனாலும் அவர்கள் தனியாக இல்லை. சண்டை வந்தால் சில நிமிடத்தில் தீரும். யார் வீட்டில் பலகாரம் செய்தாலும் எல்லார் வீட்டுக்கும் போகும்.

இப்படிப்பட்ட ஊரைக் கற்பனையில் கட்டுவதில் அமெரிக்கர்கள் கைதேர்ந்தவர்கள். 1960 அக்டோபரில் தொடங்கி 1968 வரை ஓடிய ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’வில் வரும் மேபெரி அவற்றில் பேர்போனது. வட கரோலினா மாநிலத்தில் இருப்பதாகக் கதை. அந்த ஊரின் ஷெரிஃப் துப்பாக்கிகூட வைத்துக்கொள்ள மாட்டார். படப்பிடிப்போ மறுகோடியில், கலிஃபோர்னியாவில், ஸ்டூடியோ அரங்கத்தில் நடந்தது. இன்று கிரிஃபித் பிறந்த மவுண்ட் ஏரி என்ற ஊர், ‘நாங்கள்தான் மேபெரி’ என்று சொல்லிச் சுற்றுப்பயணிகளை வரவேற்கிறது. கற்பனை ஊரைப் பார்த்து நிஜ ஊர் வேடம் போடுகிறது.

அதே 1960இல், பிப்ரவரி முதல் தேதி, அதே வட கரோலினாவில் இன்னொன்று நடந்தது. மவுண்ட் ஏரியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரீன்ஸ்போரோ நகரில், கல்லூரி மாணவர்களான நான்கு கறுப்பின இளைஞர்கள், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள், இவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். மேபெரியின் உணவகத்துக்கு அந்த நால்வரும் வரவேயில்லை. எட்டு ஆண்டுகள் ஓடிய தொடரில் வாய் திறந்து பேசும் கறுப்பினப் பாத்திரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அழகான ஊர் ஒன்றைத் திரையில் பார்த்தால், அங்கே யாருக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது.

அந்தக் கணக்கில் டுரியான் ருந்து எவ்வளவோ மேல். மெய் மெய், பந்துன் சொல்லும் ஜர்ஜித் சிங், இந்தோனேசியாவிலிருந்து வந்த சுசாந்தி எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. ராஜூ திரையில் வரும்போதெல்லாம் நானும் தம்பியும் ‘நம்ம ஆளு’ என்று கத்துவோம். ஆனால், நான் பார்த்த அத்தியாயங்களில் ஒரு விஷயத்தை யாரும் கேட்டதில்லை. அங்கிள் முத்து இந்தக் கம்பத்துக்கு எங்கிருந்து வந்தார்? அவருடைய அப்பா எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்?

இதை நான் வலிந்து கேட்கவில்லை. பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி கிளந்தான்காரி. பெருநாள் விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டே, “உன் கம்பம் எங்கே?” என்று கேட்டாள். “கூலாய்” என்றேன். “கூலாயில் எங்கே?” தாமான் பெயரைச் சொன்னேன். “அது தாமான். நான் கேட்டது கம்பம்” என்று சிரித்தாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பள்ளியில் மலாய்க் கட்டுரைக்குக் ‘கம்பத்தில் என் விடுமுறை’ என்று தலைப்பு வந்தால், ஆறு, டுரியான் மரம், தூண் மேல் நிற்கும் தாத்தா வீடு என்று வகுப்பே எழுதும். தாமானில் பிறந்து வளர்ந்தவர்களும் அதையேதான் எழுதுவோம்.

நம்மில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டிக்கு ஊர் என்றால் தோட்டம். ஜொகூரில் அந்தத் தோட்டங்கள் எங்கே போயின என்று தேடத் தேவையில்லை, அவற்றின் மேல்தான் நடமாடுகிறோம். வார இறுதியில் காப்பி குடிக்கப் போகும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். ஸ்கூடாயில் முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதி இருக்கும் இடம் ரினி தோட்டம். அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரில் இன்னும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. லயன் வீடுகள் போய்விட்டன, கோயில் இடம் மாறிவிட்டது, பள்ளியின் பெயர்ப்பலகைதான் கடைசிச் சாட்சி.

என் பாட்டியிடம் ‘நம்ம ஊரு’ எது என்று கேட்டால் தமிழ்ப் படத்துக் கிராமத்தைக் காட்டுவார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ‘16 வயதினிலே’ போட்டார்களாம். 1977இல் வந்த பாரதிராஜாவின் அந்தப் படம்தான் தமிழ்ச் சினிமாவை அரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது என்பார்கள். அசல் தமிழ்க் கிராமம் என்று நாம் கொண்டாடும் அந்த ஊரைப் பெரும்பாலும் கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம் படம் பிடித்தார்கள் என்று பாட்டியிடம் சொன்னேன். “எந்த ஊரா இருந்தா என்னா, மண்ணு செவப்பா இருந்துச்சுல்ல” என்றார். பாட்டி தமிழ்நாட்டை நேரில் பார்த்ததே இல்லை.

ஆக, மலாய்க் கம்பத்தைப் பாதி, தமிழ்நாட்டுக் கிராமத்தைப் பாதி என்று கடன் வாங்கி நமக்கு ஓர் ஊர் செய்துகொண்டோம். நம் தோட்டத்தை நம்மவர்களே படம் பிடிக்காமல் இல்லை. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதை. அதைப் பார்த்தபோது அவள் என் சொந்த அக்கா போலத் தெரிந்தாள். சஞ்செய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் என்ன ஆயின என்பதைப் பன்னிரண்டு வயது அப்போய் வழியாகச் சொன்னது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதும் பெற்றது. இரண்டுமே நல்ல படங்கள். ஆனால் இரண்டிலும் யாரும் போய்க் குடியிருக்க ஆசைப்பட மாட்டார்கள்.

காரணத்தைப் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார். “அது கம்பெனி ஊருமா.” வீடு கம்பெனியுடையது, மரம் கம்பெனியுடையது, பெரட்டு மணிகூட கம்பெனியுடையது. வேலை நின்றால் வீடும் போகும். திரும்பிப் போக வாசல் இருந்தால்தானே ஏக்கம் வந்து நிற்க முடியும்? மேபெரி ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே 1960இல், இங்கே தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். தாங்கள் வேலை செய்த மண்ணைத் தாங்களே வாங்க வேண்டும் என்பதற்காக. இதைவிடப் பெரிய கனவு ஊர் எந்தத் தொடரில் இருக்கிறது? எனக்குத் தெரிந்து அதை யாரும் கார்ட்டூன் ஆக்கவில்லை.

எனக்கு அந்தக் கார்ட்டூன் வேண்டும். அழுகைப் படம் போதும்; பத்து நிமிடம் சிரிக்க ஒரு தோட்டம் வேண்டும். நானும் அனிமேஷன் படிக்கும் என் தோழியும் இந்த விடுமுறையில் வரைந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஆயாக்கொட்டகை, கோயில் திருவிழா, கிராணி வீட்டு நாய், ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்யும் பிள்ளைகள் எல்லாம் தாளில் வந்துவிட்டன. பாட்டியிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். லயன் வீட்டு வாசலில் பூச்செடி வரைந்திருந்தது பிடித்திருந்தது. கடையை வரைந்த தாள் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

“கடைக்காரன் கையில புஸ்தகத்தக் காணோமே. நம்ம கடன எல்லாம் அதுலதானே எழுதுவான்? அதயும் போடுங்க.”