மஞ்சள் கரிசலாங்கண்ணியை அடையாளம் காண்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிங்கவரம், செஞ்சி வட்டார உழவர்கள் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் மஞ்சள் பூக்கும் பல செடிகளைக் காணலாம். மஞ்சள் பூவென்றாலே கரிசலாங்கண்ணி என்று எண்ணிப் பறித்துவிடக் கூடாது. கீரையாகவும் மருந்தாகவும் வயிற்றுக்குள் செல்லும் செடி இது. ஆகவே சரியாக இனம் காண்பது அவசியம்.

உண்மையான செடி

பொற்றலைக் கையாந்தகரை என்றும் பெயர் பெற்ற இச்செடி ஈரமான இடங்களில் தரையில் படர்ந்து, கணுக்களில் வேர்விட்டு வளரும். இலைகள் எதிரெதிராக, நீண்டு, காம்பு ஏறத்தாழ இல்லாமல் இருக்கும். தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். விளிம்பில் பிளவுகள் இரா. ஓரிரு மேலோட்டமான பற்களே இருக்கலாம். நீண்ட காம்பில் தனித்தனியாகப் பூக்கும் பூ முழுவதும் மஞ்சள் நிறமாகும்.

ஏமாற்றும் செடிகள்

1. வெடிலியா: வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. பூ ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் பூவை நம்ப வேண்டாம், இலையைப் பாருங்கள். இலை தடித்து, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். சில இலைகளில் மடல் தெளிவாக இராது. எனவே ஒரே கொடியில் பல இலைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. வெட்டுக்காயப் பூண்டு: வறண்ட இடத்திலும் வளரும். இலை விளிம்பு ஆழமான பற்களுடையது. பூவின் நடுப்பகுதி மஞ்சள். சுற்றியுள்ள இதழ்கள் வெளிர்நிறம். விதைகள் பஞ்சுபோல் காற்றில் பறக்கும்.

வெள்ளைப் பூ பூக்கும் சாதாரணக் கரிசலாங்கண்ணி வேறு இனம். அதன் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

• களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ தெளித்த வரப்பிலும், சாக்கடை நீர் பாயும் இடத்திலும் கீரை பறிக்கக் கூடாது.

• உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் வெடிலியாவும் உள்ளது. தண்டுத் துண்டிலிருந்தே அது துளிர்த்துவிடும். வெட்டிய கொடியை வாய்க்காலில் வீசாமல் காயவைத்து அழியுங்கள்.

• மஞ்சள் காமாலை கண்டால் கீரையை மட்டும் நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உண்மையான செடி கிடைத்தால், கணுக்களுள்ள தண்டுகளை வெட்டிக் கிணற்றடி ஈரத்தில் நட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் தேவைக்கு ஒரு சிறு பாத்தியே போதும்; ஒவ்வொரு முறையும் வரப்பில் தேட வேண்டியதில்லை. ஐயம் இருப்பின், பூவும் வேரும் கூடிய முழுச் செடியைத் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.